அழகைக் கண்டு கையொப்பமிடவும்

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு கலக்கும் இடம் எழில்மிக்கது என்று வடகடல் எழில்வழி ஓட்டக் குழு தீர்மானம் நிறைவேற்றி மூன்று வருஷம் ஆகிறது. கூட்டம் நடந்தது நுங்கம்பாக்கத்தில் ஓர் ஓட்டலின் ஏழாவது மாடியில். அங்கிருந்து ஆறு தெரியாது என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எழில் இருப்பது முடிவான பிறகு அதைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? சும்மா போய்ப் பாருங்கள் என்றால் எண்ணூருக்கு யாரும் போகமாட்டார்கள். ஓடிப்போய்ப் பாருங்கள், கழுத்தில் பதக்கம் போடுகிறோம் என்றால் பணம் கட்டியாவது போவார்கள். எழில்வழி மாரத்தான் இப்படித்தான் பிறந்தது.

வியாசர்பாடி பீம்ராவுக்கு எழிலைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவனுக்கு வேண்டியது சான்றிதழ். துறைமுகத்தில் கப்பலில் அடுக்கும் கண்டெய்னர் பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது அவன் வேலை. பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட். நிரந்தரம் ஆக்குங்கள் என்று கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோன சமயத்தில் கம்பெனிக்குப் புது மேனேஜர் ஒருவர் வந்தார். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் ஜனங்கள் ஓடாததுதான் காரணம் என்று நம்புகிறவர். நாலு பேரை நிரந்தரம் ஆக்கப்போகிறோம், விண்ணப்பத்தோடு நாலரை மணி நேரத்துக்குள் முழு மாரத்தான் ஓடிய சான்றிதழை இணைக்கவும் என்று சுற்றறிக்கை விட்டார். கம்பி முறுக்குகிற கைக்கும் ஓடுகிற காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ் கேட்பார்கள் என்ற பயம்.

பீம்ராவ் மூன்று மாதம் விடியற்காலையில் ஓடிப் பழகினான். அண்ணா நகரில் ஒருவன் ஓடினால் அது உடற்பயிற்சி. வியாசர்பாடியிலிருந்து ஒருவன் ஓடிவந்தால் போலீஸ் ஜீப் நின்று, எங்கிருந்து ஓடிவருகிறாய், கையில் என்ன என்று கேட்கும். மூன்று மாதத்தில் ஒன்பது முறை கேட்டார்கள். பத்தாவது முறை மேனேஜரின் சுற்றறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடினான். அதைப் படித்துப் பார்த்த ஏட்டு, "அடப்பாவமே" என்று சொல்லி விட்டுவிட்டார்.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி திங்கட்கிழமை. எழில்வழி மாரத்தான் அதற்கு முந்தைய நாள். மற்ற ஓட்டங்களுக்கெல்லாம் பெயர் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டது. ஆகவே இதை விட்டால் பீம்ராவுக்கு வேறு கதி இல்லை. அவன் மனைவி ஷாலு விண்ணப்பத்தைத் தன் கையாலேயே பூர்த்தி செய்து, சான்றிதழ் எண் என்ற ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பழுப்பு உறையில் போட்டு வைத்திருந்தாள். ஞாயிறு காலை அந்த உறையோடு, ஓட்டம் தொடங்கி முடிகிற நெட்டுக்குப்பத்துக்கே வந்துவிட்டாள்.

ஓட்டம் ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. அறுபத்தோரு பேர் கோட்டில் வந்து நின்றார்கள். பீம்ராவுக்குப் பக்கத்தில் நின்றவன் ரெஜி, ராயபுரத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவன். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஆறு கடலைத் தொடுகிற கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிற கெங்கம்மா, இறால் போடும் பனையோலைப் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவள், நின்று பார்த்தாள்.

"எதுக்கு நைனா எல்லாரும் நின்னுகினு கீறீங்கோ?"

"ஓடறதுக்கு," என்றான் பீம்ராவ்.

"நின்னுகினேவா? சுத்திகினு வந்து கழியத் தாண்டித்தானே இந்தாண்ட வரணும்? மணல் திட்டு ஒம்பது மணி வரிக்கும்தான் வெளில தெரியும். அப்பால தண்ணி ஏறிடும். இப்பவே கெளம்புங்கோ."

கிளம்ப முடியாது. புரவலர் வரவேண்டும். கழிக்கரையில் அனல்மின் நிலையமும் அதன் சாம்பல் குட்டையும் வைத்திருக்கும் நிறைவொளி நிறுவனம்தான் புரவலர். அதன் உயரதிகாரி ஆறு ஐம்பதுக்கு வந்தார். அதன் பிறகு குழுத்தலைவர் பேசினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி, கழுத்தில் விசில். விசில் ஊதுவதற்கு அல்ல, பதவிக்கு.

"இயற்கை என்பது என்ன?" என்று தலைவர் கேட்டார். ஓட்டக்காரர்கள் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். "இயற்கை என்பது நம் புரவலர்கள் நமக்காக விட்டுவைத்தது. அவர்கள் மனது வைத்திருந்தால் இந்தக் கழி முழுவதையும் மூடியிருக்கலாம். பாதியைத்தான் மூடினார்கள். மீதிப் பாதியில் இன்று நீங்கள் ஓடப்போகிறீர்கள். இந்தப் பெருந்தன்மையை நினைத்துக்கொண்டே ஓடினால் களைப்பு தெரியாது."

பிறகு விதிகள் வாசிக்கப்பட்டன. வழியில் ஐந்து எழில்முனைகள். ஒவ்வொன்றிலும் ஓட்டக்காரர் நின்று இரண்டு நிமிடம் எழிலைப் பார்க்க வேண்டும். பிறகு அங்குள்ள பதிவேட்டில் தான் கண்ட அழகை ஒரு வரியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அலுவலர் அட்டையில் முத்திரை குத்துவார். ஐந்து முத்திரை இல்லாமல் சான்றிதழ் இல்லை. போன வருஷம் எல்லோரும் 'கடல் அழகு' என்றே எழுதிவிட்டதால், இந்தப் பகுதியில் அழகு ஒன்றே ஒன்றுதான் என்ற கெட்ட பெயர் வந்துவிட்டதாம். எனவே ஒருவர் எழுதிய அழகை அதே முனையில் இன்னொருவர் எழுதக் கூடாது.

"இன்னாடா மாமு, மார்க்கெட்டுல மீன் ஏலம் மாதிரி கீது," என்றான் ரெஜி. "முன்னால போறவன் வஞ்சிரத்த எடுத்துகினு பூடுவான். நம்பளுக்குக் காரப்பொடிதான்."

ஏழு இருபதுக்குக் கொடி அசைந்தது. பதினொன்று ஐம்பதுக்குள் பீம்ராவ் திரும்பி வந்தாக வேண்டும்.

முதல் முனை மணலி புதுநகருக்குப் போகும் வழியில். பீம்ராவ் இருபத்தாறாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தான். குழாய்கள், குழாய்களுக்கு மேலே குழாய்கள், தூரத்தில் ஒரு புகைபோக்கி. எண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த வாடை. முன்னால் பேனர்: 'முகில் கோபுரம். கண்டு மகிழ்க.' இரண்டு நிமிடம் மகிழ்ந்துவிட்டு 'வானம்' என்று எழுதப்போனான்.

"வானம் போயிடுச்சு," என்றார் அலுவலர். "முதல்ல வந்தவரே எழுதிட்டார்."

"காத்து?"

"அதுவும் போச்சு. மேகம், வெயில், புல், குழாயின் நேர்த்தி, எல்லாம் போயாச்சு. சீக்கிரம் வந்திருக்கணும்."

பீம்ராவ் யோசித்து 'பேனர்' என்று எழுதினான். அலுவலர் முகம் மலர்ந்து முத்திரை குத்தினார்.

இரண்டாவது முனையும் அதேபோல் கழிந்தது. மூன்றாவது முனைக்கு 'வெள்ளி ஏரி' என்று பெயர். ஏரி இல்லை. நிறைவொளியின் சாம்பல் குட்டை. காற்று அடித்தபோதெல்லாம் ஏரி எழுந்து வந்து முகத்தில் படிந்தது. அலுவலர்கள் கண்ணாடியும் முகமூடியும் போட்டிருந்தார்கள். ஓட்டக்காரர்கள் முகமூடி போடுவது இயற்கையை அவமதிப்பது என்பதால் அனுமதி இல்லை. கண்ணை மூடினால் பார்வை நேரம் மறுபடி முதலிலிருந்து. பீம்ராவ் இமையை விரலால் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தான். கப்பல் தளத்தில் துருவும் உப்பும் கண்ணில் விழுந்து பழக்கம் இருந்ததால் தப்பித்தான்.

ரெஜிக்கு இருமல் வந்துவிட்டது. அலுவலர் கைக்கடிகாரத்தை நிறுத்தினார்.

"எழில்முனையில் இருமக் கூடாது. விதி பதினொன்று. இருமல் எதிர்க்கருத்தாகக் கருதப்படும்."

"கருத்து இல்லபா, சாம்பலு," என்றான் ரெஜி, மறுபடி இருமிக்கொண்டே.

"இரண்டாவது எதிர்க்கருத்து. மூன்றாவது வந்தால் தகுதியிழப்பு."

மூன்றாவது வந்தது. ரெஜியின் அட்டையை வாங்கிக் கிழித்தார்கள். ரெஜி கெட்ட வார்த்தை சொல்லக்கூட மூச்சு இல்லாமல் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். பீம்ராவுக்கு நின்று நாலு கேள்வி கேட்க வாய் துடித்தது. ஆனால் மணி ஒன்பதே முக்கால். "நீ போ மாமு, உன்க்குத்தான் வேலை," என்று ரெஜி கையை ஆட்டினான். பீம்ராவ் ஓடினான். கேள்வி கேட்காமல் ஓடியது வள்ளூர் தாண்டும் வரை அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

நாலாவது முனையில் மூன்று நாரைகள் நின்றன. முதல் இரண்டையும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். மூன்றாவதை எழுதி முத்திரை வாங்கிக்கொண்டான். கழியின் வடகரைக்கு வந்தபோது மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம். கரையில் அம்புக்குறி போட்ட பலகை இருந்தது: 'மணல் திட்டு வழியாக ஓடவும்.' அம்புக்குறி காட்டிய இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து ஓட்டக்காரர்கள் கரையில் குரங்காட்டியைச் சுற்றி நிற்கிற கூட்டம் மாதிரி ஒரு கரை அலுவலரைச் சுற்றி நின்றார்கள். அவர் கையில் ஒலிபெருக்கி இருந்தது. இரண்டடி தூரத்தில் நின்றவர்களிடமும் அதில்தான் பேசினார்.

"திட்டு வரைபடத்தில் உள்ளது. ஆகவே திட்டு வழியாகத்தான் போகவேண்டும்."

"திட்டு தண்ணிக்குள்ள கீதே சார்," என்றான் பீம்ராவ். "நீஞ்சிப் போய்ட்டா?"

"நீச்சல் வேறு சங்கம்."

"போட்ல?"

"ஓட்டப் போட்டியில் படகு ஏறுவது தகுதியிழப்பு."

தண்ணீரில் இடுப்பளவில் நின்று இறால் தடவிக்கொண்டிருந்த கெங்கம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய சின்ன ஃபைபர் போட் ஒரு மூங்கில் கொம்பில் கட்டியிருந்தது.

"நான் காத்தாலயே சொன்னேன், எவன் கேட்டான்," என்றாள். "படகுல ஏறக்கூடாதுன்னா போட்லயும் ஓடிகினே வரட்டுமே. இன்னா பேஜாரு புட்ச்சவங்கபா நீங்கோ."

அவள் எரிச்சலில் சொன்னாள். கரை அலுவலர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பங்கேற்பாளர் பாதை முழுவதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் விதி பதினாறு சொல்கிறது. எதன் மேல் என்று சொல்லவில்லை.

"ஓடிக்கொண்டே வந்தால் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்று. ஓட்டக்காரரை விடப் படகு வேகமாகப் போகக் கூடாது."

"போட்ல கீறவன் போட்டோடதானேய்யா வருவான்," என்றாள் கெங்கம்மா.

மும்மூன்று பேராக ஏற்றினாள். நின்ற இடத்திலேயே மூன்று பேர் முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓட, போட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. கெங்கம்மா மூங்கில் கொம்பை ஊன்றிக்கொண்டே, அவர்களைப் பெற்றவர்களையும் குழுவைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டினாள். கரை அலுவலர் ஒலிபெருக்கியில், "முழங்கால், முழங்கால்," என்று கத்தினார். பீம்ராவ் ஓடிக்கொண்டே கீழே பார்த்தான். கெங்கம்மாவின் கால்கள் முட்டி வரை கருத்து, தோல் வெடித்திருந்தன.

"காலுக்கு இன்னாக்கா ஆச்சு?"

"தண்ணி கருப்பு, காலும் கருப்பு. ராத்திரில எரியும். காத்தால மறுபடி எறங்குவேன். மீதி கழியையும் சாம்பலு கொட்டி மூடணும்னு அந்தக் கம்பெனிக்காரன் கேட்டுகினு கீறான். தண்ணி கலீஜாக்கி வச்சிருக்கான், மூடக்கூடாதுன்னு குப்பத்துல எல்லாரும் மனு குட்த்துக்கீறோம். நீ ஓடு, நிக்காத, அந்தாளு பாத்துகினு கீறான்."

தென்கரையில் இறங்கியபோது முழங்கால் வரை நனைந்துவிட்டது. கால் எரிந்தது. ஐந்தாவது முனைக்கு வந்தபோது மணி பதினொன்று முப்பத்தெட்டு. முடிவுக்கோடு ஒரு கிலோமீட்டர். பன்னிரண்டு நிமிடம். ஷாலு கோட்டருகில் உறையோடு நிற்பாள்.

அந்த முனையில் உட்கார்ந்திருந்தவர் சௌக்கத் அலி. வண்ணாரப்பேட்டைக்காரர், ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஒருநாள் கூலிக்குக் கூப்பிட்டு வந்திருந்தார்கள். இரண்டு நிமிடம் முடிந்ததும் பதிவேட்டை அவர் பீம்ராவ் பக்கம் திருப்பினார்.

"கடலு, அலை, படகு, வலை எல்லாம் ஆயிடுச்சு தம்பி. ஒருத்தரு தலைவரோட புன்னகைன்னு எழுதிட்டாரு. இன்னொருத்தரு அவரோட ஷூவை எழுதிட்டாரு."

பீம்ராவுக்கு எதுவும் தோன்றவில்லை. கண் முன்னால் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். வந்த ஆத்திரத்தில், 'கழித் தண்ணீர் கருப்பாக இருக்கிறது' என்று எழுதிக் கையொப்பம் போட்டான்.

சௌக்கத் அலி அதை இரண்டு முறை படித்தார். "இதுல அழகு எங்க கீது தம்பி? அழகு இல்லாம ஸீல் போட்டா எனக்குக் கூலி கிடையாதுன்னுட்டாங்க."

"பாய், நேரம் ஆவுது பாய்."

"எனக்கும் தெரியுது. நான் இன்னா பண்றது, சொல்லு."

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. பீம்ராவ் பேனாவை வாங்கி, வரியின் கடைசியில் 'அழகு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தான். முத்திரை விழுந்தது. நாலு மணி இருபத்தேழு நிமிடத்தில் கோட்டைத் தாண்டினான். ஷாலு ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக எண்ணைப் பார்த்து, காலிக் கட்டத்தில் எழுதினாள். பதினோரு வருஷத்தில் பீம்ராவ் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. அந்த நிம்மதி பரிசளிப்பு விழா வரை இருந்தது.

தலைவர் மேடையில் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். குப்பத்து ஜனங்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள்.

"இந்தக் கழியின் நீர் மாசுபட்டது என்று ஒரு சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தினமும் தண்ணீரில் நிற்கிறவர்கள். தினமும் பார்க்கிற பொருளின் அழகு கண்ணுக்குத் தெரியாது. அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் இன்று நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓடிவந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஓர் உழைப்பாளி தன் கையால் எழுதியிருக்கிறார், கேளுங்கள். 'கழித் தண்ணீர் கருப்பாக இருக்கிறது, அழகு.' கையொப்பம், பீம்ராவ், வியாசர்பாடி. இந்தப் பதிவேட்டை மக்கள் கருத்தாக நம் புரவலரின் விரிவாக்க விண்ணப்பத்தோடு இணைக்கிறோம்."

நிறைவொளி அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். பீம்ராவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையிலிருந்து இறங்கியபோது கெங்கம்மா எதிரில் நின்றாள். ஈரச் சேலை, இடுப்பில் பறி.

"நீயா நைனா எழுதின?"

கெங்கம்மா அவன் தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள், பிறகு திரும்பித் தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட பீம்ராவ் தாங்கியிருப்பான்.

மறுபடி மேடை ஏறினான். "சார், அந்த அழகுன்றத அடிச்சிடணும்."

தலைவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார். "தாராளமாக அடிக்கலாம். அடித்தால் ஐந்தாவது முனையில் நீங்கள் அழகைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் அங்கே வரவில்லை. வரவில்லை என்றால் ஓடவில்லை. சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். யோசித்துச் செய்யுங்கள்."

பீம்ராவ் யோசித்தான். மேடைக்குக் கீழே ஷாலு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அவன் இறங்கி வந்து அவள் கையிலிருந்த சான்றிதழை எடுத்தான். அவள் விடவில்லை. இரண்டாவது முறை இழுத்தபோது விட்டாள். மேலே போய் அதைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் அந்தச் சொல்லை, பேனா தாளைக் கிழிக்கும்படி அடித்தான். கெங்கம்மா இருக்கிறாளா என்று பார்த்தான். அவள் அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது.

தலைவர் அடித்த வரிக்குப் பக்கத்தில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, ஒலிவாங்கியில் வாசித்தார். "'இந்தக் கழியின் எழிலைச் சொல்ல அழகு என்ற ஒரு சொல் போதாது என்று கருதி, ஓட்டக்காரர் தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.' சான்றிதழையே துறந்த இந்த ரசனைக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்."

கைதட்டினார்கள். "பொய் சார் அது, நான் அப்டி சொல்லல," என்று பீம்ராவ் ஒலிவாங்கியைப் பிடித்தான். அதற்குள் நாட்டுப்பண் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பீம்ராவும் தோளில் பொன்னாடையோடு நேராக நின்றான். முடிந்தபோது ஒலிபெருக்கிக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார், புரவலரின் கார் பதிவேட்டோடு திரும்பிக்கொண்டிருந்தது.

ஷாலு சாலைக்கு வந்துவிட்டிருந்தாள். பின்னாலேயே வந்தவனைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அடிச்சியே, அதனால அந்தம்மாக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"நம்பளுக்கு?"

அவள் உறையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பார்த்து நடந்தாள். "ஷாலு, கொஞ்சம் நில்லு, கால் வரல," என்று அவன் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை. அவள் வேகத்துக்கு அவனால் நடக்க முடியவில்லை.